ஸ்பிரிங்கா, காற்றா? மலிவு மலைச் சைக்கிளுக்கு ஒரு ஃபோர்க்

சிங்கப்பூரில் பழைய பொருள் விற்கும் கரோசெல் செயலியில் 120 வெள்ளிக்கு ஓர் அலுமினியச் சட்டம் கிடைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. 27.5 அங்குலச் சக்கரத்துக்கான ஹார்ட்டெயில், அதாவது பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாதது. கீறல் உண்டு, விரிசல் இல்லை. சக்கரமும் பிரேக்கும் பழைய சைக்கிளிலிருந்து வந்துவிட்டன. மிச்சம் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்தான். அதற்கு 300 வெள்ளி ஒதுக்கினேன். சட்டம் ஒரே மாலையில் கைக்கு வந்தது. ஃபோர்க்கைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் பிடித்தது.

என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. சன்டூர் எக்ஸ்சிஎம் போன்ற சுருள் ஸ்பிரிங் ஃபோர்க். அதே சன்டூரின் எபிக்சான் என்ற காற்று ஃபோர்க். ராக்‌ஷாக்ஸ் ரீக்கான் சில்வர், அதுவும் காற்றுதான். அப்புறம், ஒரு காலத்தில் விலை கூடியதாக இருந்து இப்போது யாரோ கழற்றி விற்கிற பழைய ஃபோர்க். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வாங்கியது எபிக்சான். இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சஸ்பென்ஷனே இல்லாத ஃபோர்க்கும் ஒரு வழிதான். 24 கிலோமீட்டர் ரயில் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதைகளிலும் மட்டும் ஓட்டுகிறவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம். எடை குறைவு, பராமரிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். செஸ்ட்நட் மலைச் சைக்கிள் தடத்தில் வேர்கள் மேல் இறங்கியபோது என் மணிக்கட்டு வேறு மாதிரி சொன்னது. அதனால் அதை விட்டுவிட்டேன்.

பொருத்தம் பற்றிச் சுருக்கமாக. ஃபோர்க்கிலிருந்து சட்டத்துக்குள் போகும் ஸ்டீரர் குழாய் நேரானதா, அடி அகன்றதா என்று சட்டத்தின் தலைக்குழாயைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நேர்க் குழாயைத் தகுந்த வளையம் போட்டு அகன்ற தலைக்குள் வைக்கலாம். குறுகிய தலைக்குள் அகன்ற குழாய் போகாது. முன் சக்கர அச்சு 9 மில்லிமீட்டரா 15ஆ, ஹப் அகலம் 100ஆ 110ஆ என்பதும் முக்கியம். இதில் தவறினால் புதுச் சக்கரச் செலவு வரும். 100 மில்லிமீட்டர் இறங்கும் ஃபோர்க்குக்கு வடிவமைத்த சட்டத்தில் 140 இறங்குவதைப் போட்டால் சைக்கிள் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்கைப் பற்றி எங்கள் குழுவில் ஓர் அண்ணன், உபின் தீவின் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவை வைத்து எப்போதும் சொல்வார்: "தம்பி, நான் கெத்தாம் முழுக்க ஸ்பிரிங்லதான் சுத்துறேன். காத்து அடிக்கிற வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?" அவர் எடை 80 கிலோவுக்கு மேல். நான் 58. ஆலையில் போட்ட சுருளின் கடினம் அவருக்குச் சரியாக அமைந்துவிட்டது. எனக்கு அமையவில்லை. மேலே இருக்கிற குமிழைத் திருகினால் சுருள் மென்மையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தொடக்க அழுத்தத்தை மட்டுமே மாற்றும், சுருளின் கடினம் அப்படியே இருக்கும். என் முதல் சைக்கிளில் 100 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் பாதிக்கு மேல் நான் இறக்கியதே இல்லை. ஃபோர்க்கின் மேல் குழாயில், அதாவது கீழ்க்காலுக்குள் போய்வரும் குழாயில், ஒரு சின்ன கேபிள் டை கட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், எவ்வளவு இறங்கியது என்று அதுவே காட்டிவிடும். காற்று ஃபோர்க்கில் பம்பை வைத்து உங்கள் எடைக்கு ஏற்ப மாற்றலாம். ஏறி உட்கார்ந்தால் 100க்கு 20 மில்லிமீட்டர் அளவில் இறங்கும்படி வைத்துக்கொண்டேன், வேலை முடிந்தது. சாதாரண டயர் பம்ப் இதற்கு ஆகாது. தனி ஷாக் பம்ப் வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். ஸ்பிரிங்கை விட அரைக் கிலோவுக்கு மேல் எடை குறைந்தது கூடுதல் லாபம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது எடையும் இல்லை, இறக்கமும் இல்லை. துருதான்.

அந்த முதல் சைக்கிளின் கதை இது, பெயர் வேண்டாம். அடுக்குமாடி புளோக்கின் பொதுத் தாழ்வாரத்தில்தான் நிறுத்தினேன். சாரல் அடித்தால் நனையும். உபினுக்குச் சிறு படகான பம்போட்டில் போய்வந்தால் உப்புக்காற்று படும். இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் துடைக்கும்போது விரலில் ஏதோ உரசியது. மேல் குழாயில், சேறு உள்ளே போகாமல் தடுக்கும் சீலுக்குச் சற்று மேலே, கேழ்வரகு அளவில் ஐந்தாறு பழுப்புப் புள்ளிகள். எஃகுக் குழாயின் குரோம் பூச்சு விட்ட இடங்களில் துரு பிடித்திருந்தது. ஃபோர்க் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அந்தப் புள்ளிகள் உப்புத்தாள் மாதிரி சீலின் ரப்பர் உதட்டை அறுத்திருக்கின்றன. உதடு அறுந்தால் செம்மண் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். அடியிலிருந்த இரண்டு திருகையும் கழற்றி கீழ்க்கால்களை இழுத்தபோது வழிந்த எண்ணெய் பாலில்லாத கோப்பி ஓ நிறத்தில் இருந்தது. சீல் மாற்றினாலும் பயனில்லை, புள்ளிகள் புதுச் சீலையும் அறுக்கும். குழாயை மாற்றுகிற செலவுக்குப் புது ஃபோர்க்கே வந்துவிடும் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு எந்த ஃபோர்க்கைப் பார்த்தாலும் மேல் குழாய் எதனால் ஆனது என்றுதான் முதலில் கேட்கிறேன். எக்ஸ்சிஎம் எஃகு. ரீக்கான் சில்வரும் எஃகு. அலுமினியம் வேண்டுமென்றால் ரீக்கான் கோல்டுக்குப் போக வேண்டும், என் 300 வெள்ளியில் அது அடங்கவில்லை. எபிக்சானில் அனோடைஸ் செய்த, அதாவது மேற்பரப்பைக் கடினப்படுத்திய அலுமினியம். அலுமினியத்தில் துரு பிடிக்காது. ஆனால் அதன் பூச்சும் தேயும். சேற்றோடு தொடர்ந்து ஓட்டினால் கறுப்பு நிறம் வெளுத்து வெள்ளிக் கோடு தெரியும், அதைத் திரும்பப் பூச முடியாது. ஆகவே துடைக்கிற வேலை எபிக்சானிலும் தப்பாது. தாழ்வாரத்தில் சும்மா நிற்கிற நேரத்திலும் அது கெட்டுக்கொண்டிருக்காது என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது, பிரிப்பது எவ்வளவு எளிது என்பது. இரண்டு நிறுவனங்களுமே சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைக்கச் சொல்கின்றன. வாரம் இரண்டு மணி நேரம் ஓட்டுகிற எனக்கு அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அடித் திருகுகளைத் தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டி, இழுத்து, துடைத்து, நுரை வளையங்களை எண்ணெயில் நனைத்து, சீலுக்கு கிரீஸ் தடவி மூட வேண்டும். பழைய தமிழ் முரசை விரித்துக்கொண்டு முதல் தடவை மூன்று மணி நேரம் போராடினேன். "சாமி படத்துக்குப் பக்கத்துலயா இந்த எண்ணெய்?" என்று அம்மா கேட்டதில் பாதியில் தாழ்வாரத்துக்கு இடம்பெயர்ந்தேன். இரண்டாம் தடவை ஒன்றரை மணி நேரம்.

இதுவரை ரீக்கானும் ஒன்றுதான். ஃபோர்க் துள்ளாமல் அடக்கும் டேம்பரில்தான் வேறுபாடு. எபிக்சானில் அது மூடிய கார்ட்ரிட்ஜ், கெட்டால் முழுசாகக் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். ரீக்கானில் எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும், அளவு பிசகினால் இறக்கம் மாறும். அதைச் செய்யப் பிடித்தவர்களுக்கு ராக்‌ஷாக்ஸின் கையேடுகள் மிகத் தெளிவாக இருக்கும், உதிரிபாகங்களும் அதற்குத்தான் எளிதாகக் கிடைக்கின்றன. மறுவிற்பனையிலும் அந்தப் பெயருக்கு மதிப்பு கூடுதல். நண்பனின் ரீக்கானை புக்கித் தீமா தடத்தில் இரண்டு சுற்று ஓட்டினேன். வரிசையாகச் சின்னச் சின்ன வேர்கள் வந்தபோது என்னுடையதை விட அமைதியாகத்தான் போனது, மறுக்கவில்லை. இரண்டு சுற்றுக்கு மேல் ஓட்டாததால் அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வீட்டுக்குள் நிறுத்த இடமுள்ளவர், தூக்கி வைக்கும்போதெல்லாம் துடைக்கிறவர், அதையே வாங்கலாம்.

பழைய ஃபோர்க் வாங்கினால் ஒன்றைச் செய்யுங்கள். விற்பவர் "பூங்கா இணைப்புப் பாதையில மட்டும்தான் ஓட்டினேன்" என்பார். தலையாட்டிக்கொண்டே ஃபோர்க்கை முழுக்க நீட்டி வைத்து, மேல் குழாயைச் சுற்றி நகத்தால் உரசிப் பாருங்கள். குழாயின் பின்பக்கத்தையும் சேர்த்து. நகம் எங்காவது தட்டினால் எம்ஆர்டி ரயில் ஏறித் திரும்பிவிடலாம். அப்படி நான் திரும்பியது இரண்டு முறை.

என் எபிக்சானுக்கு இப்போது பதினோரு மாதம். குழாயில் கோடு எதுவும் இல்லை. அடுத்த 50 மணி நேரம் தீபாவளியை ஒட்டி வரும் போலிருக்கிறது. முறுக்கு பிழிகிற வாரத்தில் சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.