751: தலாஸா, சுவாசோனா?

751ஆம் ஆண்டைப் படிக்க உட்காருபவர்கள் எங்கே தொடங்குவது என்று திணறுவார்கள்: நடு ஆசியாவின் தலாஸ் ஆற்றங்கரையிலா, பிராங்கு நாட்டின் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) சுவாசோன் நகரிலா?

நடந்தது என்ன?
தலாஸ்: அரபு அப்பாசியக் கலீபாக்களின் படை சீனத்துத் தாங் அரச வம்சத்தின் படையை முறியடித்தது. கூட வந்த கர்லுக் துருக்கியரே சீனத் தளபதி காவோ சியன்ச்சியின் காலை வாரிவிட்டார்கள்.
சுவாசோன்: அரசன் பேரில் நாட்டை நடத்திவந்த பெப்பின் தானே அரசனானான். பழைய அரசன் மூன்றாம் சில்டெரிக்கின் நீண்ட கூந்தலை மழித்து மடத்தில் அடைத்தார்கள். அவனுடைய மெரோவிஞ்சிய அரச குலத்துக்கு அந்தக் கூந்தல்தான் அடையாளம். வாளுக்கு வேலையே இல்லை.

பின்விளைவு?
தலாஸ்: காகிதம் மேற்கே போனது இந்தப் போர்க் கைதிகளால்தான் என்பார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள், சமர்கண்ட் பக்கம் அதற்கு முன்பே காகிதம் புழங்கியது. தாங் அரசு மேற்கிலிருந்து பின்வாங்க 755இல் தாங் தளபதி ஆன் லூஷான் கிளப்பிய கலகமே பெரிய காரணம்.
சுவாசோன்: நேர்க்கோடு. 754இல் போப்பே வந்து பெப்பினுக்கு அரசனாக்கும் சடங்கு எண்ணெய் பூசினார்; மகன் சார்லமேன் 800இல் பேரரசன்.

எளிது: சுவாசோன்.
சுவாரசியம்: சந்தேகமில்லாமல் தலாஸ். அந்தப் போரில் கைதியான சீனர் தூ ஹுவான் அரபு நாடுகளைப் பார்த்துவிட்டு, 762இல் கப்பலேறி குவாங்சோ திரும்பி எழுதியதில் சில பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன.

தேர்வுக்குப் படிப்பவருக்கு சுவாசோன் போதும். வணிகப் பாதைகள், பயணிகள் பிடிக்கும் என்றால் தலாஸ். போரை விட்டுவிட்டு தூ ஹுவானிலிருந்தே தொடங்குங்கள்.