ரெசின் பீடத்தில் உலோக வீரன்: சூப்பர் க்ளூவா, அரால்டைட்டா, கம்பியா?

மாதம் ஒரு ஞாயிறு, கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, என் மைசூர்ப் படையை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு ஓசூரில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போகிறேன். மேசையில் போர் நடத்தும் விளையாட்டுக்கான பொம்மைப் படை அது; எல்லாம் 28 மி.மீ. உலோக வீரர்கள். 1791-இல் மூன்றாம் மைசூர்ப் போரில் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) பிடித்த ராயக்கோட்டைதான் எங்கள் மேசைக்களம். ராயக்கோட்டை மலையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாறைகள் மறக்காது. அதனால்தான் தட்டைப் பீடங்களை விட்டுவிட்டு, பாறை போலக் கரடுமுரடாக வார்த்த ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்) பீடங்களுக்கு மாறினேன். முதல் பயணத்தில் பெட்டியைத் திறந்தால், 16 பேரில் 7 பேர் பீடத்தை விட்டுக் கழன்று கிடந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து வண்ணம் தீட்டியிருந்தேன். மனசு ஆறவே இல்லை.

அன்று ஒட்டியிருந்தது சூப்பர் க்ளூ. தப்பு பசையில் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. பசை எவ்வளவு இடத்தில் பிடிக்கிறது, அடி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தள்ளிவிடலாம். பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான சிமென்ட் பசை இங்கே உதவாது. அது பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கும் சரக்கு. ரெசின் அதில் கரையாது. வீரன் பிளாஸ்டிக்காகவே இருந்தாலும் கீழே ரெசின் என்றால் பிடிப்பு வராது.

சூப்பர் க்ளூவின் பெரிய பலம் வேகம். நேராக மேலே இழுத்தால் நன்றாகத் தாங்கும். ஆனால் காய்ந்த பின் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை உடையது. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் 'டப்'பென்று விட்டுவிடும். பாறைப் பீடத்தில் வீரனின் பாதம் இரண்டு மூன்று புள்ளியில்தான் தொடும். நீர்த்த பசை அந்த இடைவெளியை நிரப்பாது. சமையல் சோடாவை ஒரு சிட்டிகை தூவி, மேலே பசையை விட்டால் உடனே இறுகி இடைவெளி அடையும்; அவசரத்துக்கு நல்ல வழி. இன்னொன்று, இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. நம்மூர் ஏப்ரல் வறட்சியில் கொஞ்சம் தாமதமாகும். ஒட்டும் இடத்தில் லேசாக வாயால் ஊதினால் போதும். ஒட்டியதுமே பெட்டியில் போட்டு மூடினால் ஆவி படிந்து வண்ணத்தின் மேல் வெள்ளை பூக்கும். ராத்திரி முழுக்கத் திறந்தே வையுங்கள்.

அரால்டைட் மாதிரி, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்ஸி பசை இதற்கு நேரெதிர். கெட்டியாக இருப்பதால் பள்ளத்தை நிரப்பும், அதிர்ச்சியையும் சூப்பர் க்ளூவைவிட நன்றாகத் தாங்கும். சிரமம் காத்திருப்பதில்தான். மெதுவான வகைக்கு ஒரு ராத்திரி விட வேண்டும். அதற்குள் வீரன் மெல்லச் சாய்ந்துவிடுவான். இரண்டு குழாயும் சம அளவு கலக்காவிட்டால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. ஒரு காலுக்கு மட்டும் கலக்கும்போது அளவு தவறுவது சுலபம் என்பதால், நான் ஐந்தாறு வீரர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தடவையில் கலக்குகிறேன். சாய்வதற்கும் ஒரு வழி உண்டு. ஒரு பாதத்தில் எபாக்ஸி, மறு பாதத்தில் ஒரு துளி சூப்பர் க்ளூ. எபாக்ஸி இறுகும்வரை சூப்பர் க்ளூ பிடித்துக்கொள்ளும்.

ஆனாலும் என் ஓட்டு கம்பிக்குத்தான்: காலிலும் பீடத்திலும் துளை போட்டு, நடுவே ஒரு கம்பியைச் செருகி ஒட்டுவது. ஒரு கைத்துளைப்பான், 1 மி.மீ. பிட், ஒரு ஜெம் கிளிப் போதும். கரண்ட் ட்ரில் வேண்டாம். சூட்டில் ரெசின் இளகும், பிட் வழுக்கும். குதிகாலில் ஊசியால் ஒரு குழி குத்தி, காலின் போக்கிலேயே 4, 5 மி.மீ. மெதுவாகத் துளையுங்கள். நாலு சுற்றுக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்து உலோகத் துகளைத் தட்டுங்கள். கம்பியைப் பசையோடு செருகி, கொஞ்சம் வெளியே நீட்டி வெட்டுங்கள். இப்போது கம்பி நுனியில் ஒரு பொட்டுப் பெயின்ட் தொட்டு, வீரனைப் பீடத்தில் நிற்கவேண்டிய இடத்தில் ஒற்றினால், எங்கே துளைக்க வேண்டும் என்பதை அந்தப் பொட்டே காட்டிவிடும். மெல்லிய கணுக்காலுக்கு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி. பக்கவாட்டு அடியை இனி பசை வாங்காது, கம்பி வாங்கிக்கொள்ளும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது; முகக்கவசம் போட்டு, துளைக்கும் இடத்தை ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும், பீடத்தை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய்ப்பசை அதில் இருக்கும். பாதம் படும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பெயின்டின் மேல் ஒட்டினால் பெயின்டோடு சேர்ந்து பெயர்ந்துவிடும்.

இப்போது என் வழக்கம் இதுதான். எடை குறைந்த பிளாஸ்டிக் வீரனுக்கு வெறும் சூப்பர் க்ளூ. உலோகக் காலாட்படைக்குக் கம்பியும் சூப்பர் க்ளூவும். இங்கே எபாக்ஸியைத் தவிர்க்க ஒரு காரணம் உண்டு: பின்னாளில் பீடம் மாற்ற ஆசை வந்தால், ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் சூப்பர் க்ளூ பெரும்பாலும் விட்டுவிடும், எபாக்ஸி அவ்வளவு லேசில் விடாது. பாயும் குதிரைக்கும் ஒற்றைக் காலில் நிற்பவனுக்கும் மட்டும் கம்பியோடு அரால்டைட்.

மைசூர்ப் படையின் ராக்கெட் வீரன்தான் கடைசிவரை தொல்லை கொடுத்தான். ஒரு முழங்கால் மடக்கி, நீண்ட மூங்கில் கழியைத் தரையில் ஊன்றியிருப்பான். அந்தக் கழியின் அடியிலும் 0.5 மி.மீ. கம்பி ஏற்றினேன். இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டதால், மூன்று ஓசூர்ப் பயணம் போயும் அசையாமல் நிற்கிறான்.