புதுக் காரில் எல்லாம் இருக்கிறது, திருநெல்வேலி மட்டும் வராது

பிப்ரவரியில் மின்சாரக் கார் வாங்கினோம். ஏழு மாதத்தில் 9,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வீடு கடியபட்டணம், எனக்கு வேலை தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். திங்கள்சந்தை வழியாகத் தினமும் போய்வருவது நான்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்காரர் ஓட்டுவார். வண்டியின் பெயரை இங்கே போடவில்லை. நான் சொல்லவருவது ஒரு கம்பெனியின் குறை இல்லை. வாங்குவதற்கு முன் நாலு ஷோரூம் ஏறி இறங்கினேன், நாலிலும் இதே கதைதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. வீட்டில் 15 ஆம்ப்ஸ் பிளக்கில் ராத்திரி போட்டால் விடியும்போது நிறைந்திருக்கும். நம் ஊர் ஏற்ற இறக்கத்தில் ஏசியோடு 210 கிலோமீட்டர் தாராளமாக வருகிறது, திருவனந்தபுரம் போய்த் திரும்ப ஒரு சார்ஜ் போதும். சீட் வசதி, பிரேக், டிக்கி எதிலும் குறையில்லை. பெட்ரோல் செலவு போன இடம் தெரியவில்லை.

குறை ரேடியோவில்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாமா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரின் அப்பா, வயது 74, நாற்பது வருஷத்துக்கு மேல் கடலில் தொழில் செய்தவர். பெரிய திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மக்களே, இதுல திருநெல்வேலி வை" என்றார். திருநெல்வேலி வானொலி மத்திய அலை, அதாவது ஏஎம், 1197 கிலோஹெர்ட்ஸ். திரையில் தேடினேன். புளூடூத் இருக்கிறது, யூஎஸ்பி இருக்கிறது, பாட்டு ஆப் மூன்று இருக்கிறது, எஃப்எம் இருக்கிறது. ஏஎம் என்ற எழுத்தே இல்லை. "இம்புட்டு பெரிய பெட்டியில அது மட்டும் வராதோ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஷோரூமுக்கு போன் போட்டேன். அந்தத் தம்பி பொறுமையாகத்தான் பேசினான். "ஏஎம் எல்லாம் இப்ப யாரு டீச்சர் கேக்கா? ஆகாசவாணிக்கே நியூஸ் ஆன் ஏர்னு ஆப் இருக்கு, அதுல எல்லா ஸ்டேஷனும் வருமே" என்றான். உண்மைதான், ஆப் நன்றாகவே இருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். டவர் இருக்கும் இடத்தில் அது பாடும். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை மலைப்பாதையில் ஏறும்போது அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

எஃப்எம் பற்றியும் சொல்ல வேண்டும். நாகர்கோவில் வானொலி நம் மாவட்டத்தின் பெருமை. 1984-ல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது இங்கேதான். 101 வைத்தால் கடற்கரைப் பக்கம் கண்ணாடி மாதிரிக் கேட்கும். ஆனால் எஃப்எம் அலை நேர்க்கோட்டில் போவது, நடுவில் மலை வந்தால் மறைந்துவிடும். மத்திய அலை தரையை ஒட்டியே வளைந்து நெடுந்தூரம் போகும், மலைக்குப் பின்னாலும் இறங்கும். மேற்குத் தொடர்ச்சி மலை வந்து முடிகிற ஊரில் இருக்கும் நமக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

அந்த 101-ஐ வைப்பதற்கும் இந்தக் காரில் நாலு தடவை தொட வேண்டும். முகப்பு, மீடியா, மூலம், ரேடியோ. வண்டியை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தால் பழையபடி புளூடூத்துக்குப் போய் நிற்கும். பழைய பெட்ரோல் காரில் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் விரலால் குமிழைத் திருகுவேன், அவ்வளவுதான்.

ஏஎம் ஏன் இல்லை என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிட்டோம். மாமாவின் ட்ரான்சிஸ்டர் தோல் உறை போட்டது, உறையில் உப்புக் காற்று பட்டு ஓரம் வெடித்திருக்கும். அதை டேஷ்போர்டில் வைத்து 1197-ல் நிறுத்தினோம். கதவு திறந்திருக்க, வண்டி அணைந்திருக்க, குரல் தெளிவாக வந்தது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். ஈசல் கூட்டம் நுழைந்த மாதிரி ஓர் இரைச்சல். மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்து வாசலிலிருந்து ரோட்டுக்கு வண்டியை எடுத்தேன். இரைச்சல் மெல்லிய விசிலாக மாறி, வேகத்தோடு சேர்ந்து மேலே மேலே ஏறியது. பேசுகிறவர் குரல் அதற்குள் மூழ்கிப் போயிற்று. காலை எடுத்ததும் விசிலும் இறங்கியது.

காரணம் இதுதான். பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம், மோட்டாருக்கு வேண்டியது மாறு மின்சாரம். நடுவில் இருக்கும் இன்வெர்ட்டர் ஒரு நொடியில் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தருகிறது. அந்த வெட்டலில் கிளம்பும் அலைகள் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள மத்திய அலைக்குள் வந்து விழுகின்றன. எஃப்எம் அதற்கு மிக மேலே 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, அதோடு குரலைத் தாங்கும் முறையும் வேறு, அதனால் அது தப்பிக்கிறது.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. கேபிளுக்குக் கவசம் போடலாம், ஃபில்டர் வைக்கலாம், ஆன்டெனாவைத் தள்ளி வைக்கலாம். செலவாகும் என்பதால் கம்பெனிகள் ஏஎம்மையே எடுத்துவிடுகின்றன. அமெரிக்காவில் இது பெரிய சண்டையாகவே ஆனது. 2023-ல் ஃபோர்டு தன் புதிய வண்டிகளில் ஏஎம்மை எடுக்கப் போவதாகச் சொன்னது. எதிர்ப்புக் கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டு, ஏற்கனவே ஏஎம் இல்லாமல் விற்ற மின்சார வண்டிகளுக்குச் சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே திருப்பித் தருவதாக அறிவித்தது. அதே ஆண்டு எல்லாப் புதிய வண்டியிலும் ஏஎம் ரேடியோ தனிக் கட்டணம் இல்லாமல் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தவர்கள் எட் மார்க்கி, டெட் குரூஸ் என்ற இரண்டு செனட்டர்கள், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள். ஆபத்துக் காலத்தில் மக்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். 2025-ல் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவிலோ, 2020 டிசம்பரிலிருந்து புதுக் காரில் ரேடியோ வைத்தால் அது டிஜிட்டல் ஒலிபரப்பையும் எடுக்க வேண்டும் என்பது விதி.

எதற்கு இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் 2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல். விடியற்காலையிலிருந்து காற்று, முற்றத்துத் தென்னை இரண்டும் சாய்ந்தன, தெருவில் கம்பம் சாய்ந்தது, கரண்ட் போனது. மத்தியானத்துக்குள் போனிலும் ஒரு கோடுகூட இல்லை. என் கொழுந்தன் போன வள்ளம் கடலில் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஆறு பேர் கடலில். ட்ரான்சிஸ்டருக்கு பேட்டரி இல்லை, கடைகளெல்லாம் பூட்டு. அப்போது பழைய காரின் நாலு கதவையும் திறந்துவைத்து ரேடியோவைப் போட்டோம். ஒரு நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான், கார் பேட்டரியும் இறங்கிவிடக் கூடாதே. மழையில் நனைந்துகொண்டு இருபது முப்பது பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். யாரும் பேசவில்லை. புயல் எங்கே இருக்கிறது, எந்தத் துறைமுகத்தில் வள்ளங்கள் ஒதுங்கியிருக்கின்றன என்பதை அந்தப் பெட்டிதான் சொன்னது. கொழுந்தன் நாலாம் நாள் வந்துசேர்ந்தான். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் வரவில்லை.

அந்தக் காரை விற்றபோது அந்த செட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அது வருத்தம்தான்.

வேறு செட் மாட்டலாமா என்று நாகர்கோவிலில் ஒரு கார் ஆடியோ கடையிலும் கேட்டுப் பார்த்தேன். வடசேரிப் பக்கம் சின்னக் கடை. கடைக்காரர் வெளியே வந்து திரையின் ஓரத்தை நகத்தால் தட்டிப் பார்த்தார். "இதக் கழத்துனா ஏசியும் கேமராவும் சேர்ந்து போவும், கேட்டியளா. வாரண்டியும் நிக்காது. வேண்டாம் டீச்சரே" என்றார். உள்ளேயிருந்து பழைய செட் ஒன்றைத் துடைத்து எடுத்துவந்து, "இப்ப வாறது எல்லாம் எஃப்எம் மட்டும்தான், ரெண்டும் உள்ளது இது ஒண்ணுதான் கிடக்கு" என்று காட்டினார். அரை மணி நேரம் எனக்காக மினக்கெட்டார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. கார் ஆடியோ வேலைக்கு அந்தக் கடையைத் தைரியமாகச் சொல்வேன்.

என் மதிப்பீடு: வண்டிக்கு ஐந்தில் நாலரை, அதன் ரேடியோவுக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் நாகர்கோவில் எஃப்எம் தெளிவாக வருவதற்காக.

2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் எல்லாப் புதுக் காரிலும் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், வேகம் கூடினால் கத்துகிற அலாரம் கட்டாயம், டிரைவர் ஏர்பேக் கட்டாயம். உயிர் காக்கிற சாமான் என்பதால் விலை குறைந்த மாடலுக்கும் விலக்கில்லை. 2023-ல் போன் கம்பெனிகளிடம் எஃப்எம் வசதியை முடக்கிவைக்காதீர்கள் என்று மத்திய அரசு சொன்னதும் பேரிடர்க் காலத்தை மனதில் வைத்துத்தான். காருக்கும் அதே வரிசையில் ரேடியோவைச் சேர்க்க வேண்டும். மத்திய அலையும் எஃப்எம்மும் சேர்ந்து, குறைந்த மாடலிலும், கைக்கு எட்டும் ஒரு குமிழோடு. கடலோர மாவட்டத்துக்காரியாக இதை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். முதல் சர்வீஸில் புகார்ப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன், அடுத்ததிலும் எழுதுவேன்.

டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவைப் போட்டுப் பாருங்கள், நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது. வீட்டில் வயதானவர்கள் ரேடியோ கேட்பார்கள் என்றால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: சார்ஜ் ஏறும்போதும் இரைச்சல் வரும். எங்கள் வண்டி நிற்கும் இடத்துக்கும் திண்ணைக்கும் பத்தடிதான். மாமா ராத்திரி செய்தி கேட்டு முடித்து, ட்ரான்சிஸ்டரை உறைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்ட பிறகுதான் நான் பிளக்கைச் செருகுகிறேன்.