பிட்வார்டன் சர்வரா, வால்ட்வார்டனா: ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகு

பாஸ்வேர்டுகளை என் சர்வரிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானதும், பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜருக்கு அந்த நிறுவனமே தரும் சர்வர், அதே பிட்வார்டன் ஆப்களோடு பேசும் மாற்று சர்வரான வால்ட்வார்டன் இரண்டையும் நிறுவிப் பார்த்தேன். இப்போது ஓடுவது வால்ட்வார்டன், ஒரு சின்ன எல்எக்ஸ்சி கண்டெய்னரில், அதாவது ஒரே கணினிக்குள் தனியாகப் பிரித்துவைத்த லினக்ஸில்.

பாதுகாப்பில் பெரிய வேறுபாடு இல்லை. பாஸ்வேர்டுகளைப் பூட்டுவது (என்கிரிப்ஷன்) நம் கருவியிலேயே நடக்கிறது. சர்வருக்குப் போவது பூட்டிய தரவுதான். இரண்டுக்கும் எச்டிடிபிஎஸ் வேண்டும். ரேம் விஷயத்தில் போட்டியே கிடையாது: பிட்வார்டனின் வழக்கமான நிறுவலுக்குக் குறைந்தது 2 ஜிபி கேட்கிறார்கள், வால்ட்வார்டனுக்கு நான் கொடுத்த 512 எம்பியே தாராளம். ஆனால் சோர்ஸ் கோடிலிருந்து நாமே கம்பைல் செய்ய அது போதாது. பெரிய கண்டெய்னர் ஒன்றில் கம்பைல் செய்து ஓடத் தயாரான பைனரியை மட்டும் இங்கே கொண்டுவந்தேன். அந்த வேலை வேண்டாமென்றால் தயாராகக் கட்டிவைத்த டாக்கர் இமேஜ் இருக்கிறது. எல்எக்ஸ்சிக்குள் டாக்கர் ஓட நெஸ்டிங்கை, அதாவது கண்டெய்னருக்குள் கண்டெய்னர் ஓட விடும் வசதியை, திறந்துவிட வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ரீஸ்டோர், அதாவது பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவது. பிட்வார்டன் சர்வர் பல கண்டெய்னர்களாக ஓடுகிறது, நடுவில் மைக்ரோசாஃப்டின் எம்எஸ் எஸ்கியூஎல் டேட்டாபேஸ். அது தினமும் தானே பேக்கப் எடுத்துவைக்கிறது, அது நல்ல ஏற்பாடு. ஆனால் திரும்ப ஏற்ற டேட்டாபேஸ் கண்டெய்னருக்குள் போய்க் கட்டளை அடிக்க வேண்டும். அவசரத்தில் என் கை அதற்குப் பழகியிருக்காது. வால்ட்வார்டனில் எல்லாம் ஒரே டேட்டா ஃபோல்டர்: எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைல், பதிவுகளோடு இணைத்த ஃபைல்கள், லாகினுக்குப் பயன்படும் ஆர்எஸ்ஏ சாவி.

இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. சர்வர் ஓடும்போதே டேட்டாபேஸ் ஃபைலை மட்டும் நகலெடுத்தேன். காலிக் கண்டெய்னரில் ஏற்றிப் பார்த்தால் அன்று சேர்த்த பதிவுகளைக் காணோம். புதிதாக எழுதுவது முதலில் பக்கத்திலுள்ள வால் (WAL) என்ற தற்காலிக ஃபைலில் நிற்கும், பிறகுதான் முதன்மை ஃபைலுக்கு வரும். அன்றிலிருந்து எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையில்தான் எடுக்கிறேன், மாதம் ஒருமுறை வேறு கண்டெய்னரில் ஏற்றித் திறந்தும் பார்க்கிறேன்.

வால்ட்வார்டன் பிட்வார்டன் நிறுவனத்தின் வெளியீடு அல்ல. ஆப்கள் மாறும்போது பழைய பதிப்பு சிங்க் ஆகாமல் நிற்கலாம், அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. நான் வீட்டில் நான்கு பேருக்குத்தான் நடத்துகிறேன். நூறு பேர் அலுவலகம், நிறுவன ஆதரவு தேவை என்றால் பிட்வார்டன் பக்கமே சாய்வேன், அந்த அளவில் இரண்டையுமே நான் ஓட்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும் புதுக் கணக்குப் பதிவை மூடிவிடுங்கள். பேக்கப்பைப் பூட்டிய பாஸ்வேர்டை அந்தப் பாஸ்வேர்டுப் பெட்டகத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள். நான் அதைக் காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.