ஷிங்ரிக்ஸ் அக்கி தடுப்பூசி: அம்மாவுக்குப் போட்ட பிறகு

எல்லாரும் முதலில் கேட்பது விலையைத்தான். ஒரு டோஸ் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும், இரண்டு போட வேண்டும், அரசு தடுப்பூசித் திட்டத்தில் கிடையாது. ரொம்ப யோசித்துத்தான் செலவு செய்தோம். ஆனாலும் ஐம்பது தாண்டிய அப்பா அம்மா இருக்கிறவர்களிடம் போடச் சொல்லித்தான் சொல்வேன்.

சின்ன வயதில் வந்த சின்னம்மை, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு முடிவதில்லை. அந்த வைரஸ் தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஆயுசுக்கும் பதுங்கிக் கிடக்கும், அதை அடக்கி வைப்பது டி செல்கள் என்ற நம் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள். வயது ஏற ஏற ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி பெரிதாகக் குறையாது, டி செல்களின் பிடிதான் தளரும். அப்போது வைரஸ் நரம்பு வழியே இறங்கி, விலாவில் ஒரு பக்கமாகக் கொப்புளம் கிளப்பும், அதுதான் அக்கி. ஊரில் குயவரிடம் போய்க் காவி பூசி அக்கி எழுதிக்கொள்வார்கள். கொப்புளம் எப்படியும் சில வாரங்களில் காய்ந்துவிடும், நரம்பு வலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். சட்டை உரசினாலே பெரியப்பா துடித்ததைப் பார்த்தவன் நான்.

ஷிங்ரிக்ஸில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் ஒரே ஒரு புரதம், அதோடு சிலி நாட்டு மரப்பட்டைச் சாறும் சேர்ந்த ஒரு தூண்டு மருந்து. தளர்ந்துபோன டி செல்களையும் உசுப்பிவிடுவது அந்தத் தூண்டு மருந்துதான். பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸை வைத்துச் செய்த பழைய அக்கி தடுப்பூசி எழுபது தாண்டியவர்களுக்கு 38 சதவீதம்தான் காப்பாற்றியது. 2016இல் வந்த ஆய்வில் அதே வயதினருக்கு இது சுமார் 90 சதவீதம்.

அதே தூண்டுதலால் பக்கவிளைவும் உண்டு. முதல் டோஸ் போட்ட ராத்திரி அம்மாவுக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல், கையைத் தூக்கவே முடியவில்லை. போட்ட கிளினிக்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதில் எனக்குக் கோபம்தான். அம்மா பயந்துபோய் இரண்டாவதே வேண்டாம் என்றார், சமாதானப்படுத்திக் கூட்டிப்போனேன். மறுநாள் வீட்டில் வேலை எதுவும் வைக்காதீர்கள்.

ஒரு குப்பியில் பொடி, இன்னொன்றில் திரவம், இரண்டையும் கலந்துதான் போடுவார்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உங்கள் கண்முன் கலக்கச் சொல்லுங்கள். இரண்டாவது டோஸ் 2 முதல் 6 மாதத்துக்குள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள், எங்களுக்கு ஸ்டாக் இல்லாமல் அலைய வேண்டியதாயிற்று. அப்புறம், அக்கி வந்திருக்கும்போது இது மருந்தாகாது. ஆறிய பிறகு டாக்டரைக் கேட்டுப் போடலாம்.