இரும்புத் தண்ணீர்க் கிணறும் மாடி மழையும்: பல வருட அனுபவம்

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பது மூன்றடி விட்டமுள்ள உறைக்கிணறு. மோட்டார் போட்டால் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். வாளியில் பிடித்து வைத்தால் சாயங்காலத்துக்குள் மஞ்சளித்து, அடியில் காவியாகப் படிந்துவிடும். கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது. வேட்டி, டைல்ஸ், குழாய் எல்லாம் பழுப்பேறும். ஆர்.ஓ. குடிநீர் இயந்திரத்தில் தண்ணீரை வடிகட்டும் மெம்பரேனும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

படிகாரம் போடச் சொல்வார்கள். அது கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த இரும்பை ஒன்றும் செய்யாது. எங்களுக்குக் கைகொடுத்தது காற்றுதான். மாடியில் ஒரு டிரம், அதன்மேல் துளை போட்ட பி.வி.சி. குழாய். தண்ணீர் அதில் பூவாளியாகச் சிதறி விழுந்து, சில மணி நேரம் தங்கி, அடுத்த டிரம்மில் மணல், ஜல்லி வழியே வடிந்து டேங்குக்குப் போகிறது. மணலின் மேல் கொழகொழவென்று காவி ஏடு கட்டும். அதை மட்டும் சுரண்டிவிட்டுக் கொஞ்சம் புது மணல் போட்டால் போதும். கறை நின்றுவிட்டது. செலவும் பெரிதில்லை.

ஆனால் இதில் உப்பு குறையாது. அதைக் குறைத்தது மழை. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய குழிகள் பல வீடுகளில் மண் மூடிக் கிடக்கின்றன. கிணறு இருக்கும்போது குழியோடு நிறுத்துவானேன்? மாடிக் குழாயை வடிகட்டித் தொட்டி வழியாக நேரே கிணற்றுக்குள் விட்டோம். 1000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல். கோடையில் ஆயிரத்தைத் தாண்டும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) தை மாதத்தில் பாதிக்குக் கீழே வந்துவிடுகிறது. புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டிக் கழுவிவிடுவோம். முதல் மழையை மட்டும் குழாயின் அடிமூடியைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும்.

சமையலுக்குத் தனியாக ஒரு டேங்கில் மழைநீர் பிடிக்கிறோம். கிணற்றுத் தண்ணீரில் விறைப்பாகவே நிற்கும் துவரம்பருப்பு இதில் மலர்ந்து வெந்துவிடும். குடிப்பதென்றால் கொதிக்கவைத்துத்தான். டேங்க் வாயில் கொசுவலை கட்டாயம். டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தெருத் தண்ணீர் கிணற்றில் இறங்கியது. முழுதும் இறைத்துவிட்டு, ஊறி வந்த பிறகு குளோரின் கூடுதலாகவே போட்டு, மறுபடியும் இறைத்தோம். மற்ற நாட்களுக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கணக்கு. எங்கள் கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் சுமார் 2000 லிட்டர், அதற்கு 5 கிராம். இரவில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிவிட்டால் காலையில் புழங்கலாம்.

தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்டனர் மாட்டலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். மாட்டலாம், ஆனால் இரும்பை எடுத்த பிறகு. இல்லாவிட்டால் அதற்குள் அந்த வேலையைச் செய்யும் ரெசின் மணிகள்மேல் துரு படிந்து வீணாகிவிடும்.