சிந்திக்கக் கற்றுத்தர தனி பீரியடா, பாடத்துக்குள்ளேயா?

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் இப்போது ஹிந்தி உண்டா, அபாகஸ் உண்டா என்பதோடு 'யோசிக்கிற மாதிரி ஏதாவது சொல்லித் தர்றீங்களா?' என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். பதில்தான் பள்ளிக்குப் பள்ளி மாறுகிறது. அதற்கென்று தனி வகுப்பு வைப்பவர்கள் ஒரு கட்சி. 'பாடத்தை ஒழுங்கா நடத்தினாலே யோசனை தானா வரும்' என்பது இரண்டாவது கட்சி. எந்தப் பாடமானாலும் அதற்குள்ளேயே, இன்ன முறையில் யோசிக்கிறோம் என்று பெயர் சொல்லிக் கற்றுத்தர வேண்டும் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சிக்காரன். ஆனாலும் மற்ற இரண்டையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

தனி வகுப்பிலிருந்து தொடங்கலாம். இதற்கு வெளிநாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1970களில் எட்வர்ட் டி போனோ சிந்தனைக்கென்றே தனிப் பாடத்திட்டம் போட்டார். மேத்யூ லிப்மன் அமெரிக்காவில் 1974இல் குழந்தைகளுக்கான தத்துவத்துக்கு ஒரு நிறுவனமே தொடங்கினார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒரு கதையைப் படிப்பார்கள், தாங்களே கேள்வி எழுப்பி, தாங்களே விவாதிப்பார்கள். நம் அரசுப் பள்ளிகளில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வுக்கான மனத்திறன் பயிற்சி. எட்டாம் வகுப்பில் எழுதித் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது பெரிய பணம். அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அதில் தேறுகிற பிள்ளைக்கு யோசனை வந்துவிட்டதா? 3, 7, 15, 31, அடுத்தது என்ன என்று கேட்டால் கை தூக்காமலே '63 சார்' என்று கத்துகிற பையன் இருக்கிறான். அவனையே அறிவியல் வகுப்பில் நூலில் கல்லைக் கட்டி ஆட்டவிட்டேன். 25 செ.மீ. நூலுக்குப் பத்து அலைவு 10 விநாடி. 100 செ.மீ. நூலுக்கு 20 விநாடி. 400 செ.மீ. நூல் கட்டினால்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு, 'சார், ஃபார்முலா சொல்லுங்க' என்றான். நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது. இதுவும் எண்வரிசை மாதிரியான விஷயம்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் கற்றது அடுத்த வகுப்புக்குத் தானாக நடந்து வருவதில்லை. தனி வகுப்பின் பெரிய ஓட்டை இதுதான்.

இங்கிலாந்தில் வந்த முடிவுகளும் இந்த விஷயத்தில் கலவையானவை. லிப்மன் முறையை 48 தொடக்கப் பள்ளிகளில் சோதித்து 2015இல் வந்த அறிக்கை, வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாத முன்னேற்றம் என்றது. இன்னும் பெரிய அளவில் நடத்தி 2021இல் வந்த அறிக்கையில் வாசிப்பில் பலன் எதுவும் தெரியவில்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. பி.இ.டி. பீரியட், நூலக பீரியட், நன்னெறி பீரியட் எல்லாம் காலாண்டுத் தேர்வு வரைதான் உயிரோடு இருக்கும். அப்புறம் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். தனியாக ஒதுக்கிய எதற்கும் கதி அதுதான். சிந்தனை பீரியட் மட்டும் தப்பிக்குமா என்ன?

சரி, இரண்டாவது கட்சி. தனியாக எதுவும் வேண்டாம், பாடத்தில் மூழ்கினால் போதும் என்பவர்களுக்குச் செட்டிநாட்டிலேயே வலுவான சாட்சி இருக்கிறது: பெட்டியடிப் பையன். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடையில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறு வயதிலேயே தொழில் கற்றவன். கணக்கு எழுதுவது, ஆளைப் பார்த்துக் கடன் கொடுப்பது, வராத கடனை மோப்பம் பிடிப்பது எல்லாம் அங்கேயே வந்தது. சிந்தனைத் திறன் என்று அவனுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. உண்மைதான். ஆனால் அவனுக்கு நாள் முழுக்க ஒரே துறை. பக்கத்திலேயே கடையை நடத்தும் ஏஜெண்டும், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் அடுத்தாளும். தப்பாகக் கணக்குப் போட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். நம் பிள்ளைக்கு நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு துறை மாறுகிறது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவனைப் போலவே தெரியாத இன்னொரு பையன். கடையை வகுப்பறையாக நினைத்துக்கொள்வது அழகான கற்பனை, அவ்வளவுதான்.

மேலும், 'தானா வரும்' என்று விடுகிற இடத்தில் பெரும்பாலும் வருவது கைடு. நம் பாடநூல்களில் 'சிந்தனை வினா', 'உயர் சிந்தனை வினா' என்று தனித் தலைப்பே இருக்கிறது. அதற்கு விடை கைடில் அச்சாகி வருகிறது. பிள்ளைகள் சிந்தனை வினாவின் விடையை மனப்பாடம் செய்கிறார்கள். நாமும் முழு மதிப்பெண் போடுகிறோம்.

சிந்திக்கக் கற்றுத்தருவது பற்றிய 117 ஆய்வுகளைத் திரட்டி ஆப்ராமி என்ற ஆய்வாளரின் குழுவினர் 2008இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதில் கடைசி இடம் இந்த 'தானா வரும்' முறைக்குத்தான். முதலிடம் தனி வகுப்பையும் பாடத்தையும் சேர்த்த கலவைக்கு. அதே குழு 2015இல் மறுபடி பார்த்தபோது முறைகளுக்கு இடையிலான வித்தியாசம் அவ்வளவு தெளிவாக நிற்கவில்லை. வகுப்பில் உரையாடல் நடக்கிறதா, கையில் இருப்பது நிஜமான சிக்கலா, பக்கத்தில் வழிகாட்ட ஆள் உண்டா என்பவையே எடுபட்டன. பெட்டியடியில் இந்த மூன்றும் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி என் கட்சி. எட்டாம் வகுப்பில், தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அச்சில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு நிரவி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு. இந்தப் பளபளப்பு எதனால்? 'எங்க ஊர் மண்ணு சார்' என்பாள் ஆத்தங்குடிப் பிள்ளை. கண்ணாடி என்பான் ஒருவன். ஊறுவதால் என்பான் இன்னொருவன். எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் முதலில் வரும் திட்டம், 'வேற மண்ணை எடுத்து, தகரத்துல ஊத்திப் பார்ப்போம்' என்பதாக இருக்கும். பளபளப்பு போய்விட்டால் குற்றவாளி மண்ணா, தகரமா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற விதியை அவர்களே கண்டுபிடிக்கும் வரை நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அந்த விதிக்குப் பெயர் வைத்துப் பலகையில் எழுத வேண்டும்.

இதே வகுப்புக்கு சமூக அறிவியல் ஆசிரியர் அடுத்த வாரம் போகிறார். செட்டியார்களின் பர்மாச் சொத்து ஏன் போனது? 'ஜப்பான்காரன் வந்தான்' என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், ஆயா சொல்லியிருப்பார். அது 1942. ஆனால் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது, 1938இல் 25 சதவீதம். ஆசைப்பட்டா வாங்கினார்கள்? நெல் விலை விழுந்தது, விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. ஊருக்கு அனுப்பக்கூடிய பணம், அனுப்ப முடியாத மண்ணாக மாறிவிட்டது. அப்படியானால் காரணம் ஜப்பானா, நெல் விலையா? இங்கே 'ஒன்றை மட்டும் மாற்றிப் பார்' என்ற விதி உதவாது, 1942ஐ நீக்கிவிட்டு வரலாற்றை மறுபடி ஓட்ட முடியாது. மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்தவர்களோடு ஒப்பிடத்தான் முடியும்.

அறிவியலிலும் வரலாற்றிலும் கேள்வி ஒன்றே: எதனால் என்று எப்படித் தெரியும்? விடை தேடும் வழிதான் வேறு. இந்த ஒற்றுமையும் வேற்றுமையும் தனி பீரியடில் கிடைக்காது. ஆளுக்கொரு பாடத்தைத் தனித்தனியாக, எவ்வளவு நன்றாக நடத்தினாலும் கிடைக்காது. இரண்டு ஆசிரியர்கள் பேசிவைத்துக்கொண்டால் கிடைக்கும். கணக்கிலும் இதற்கு இடம் உண்டு: ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். உங்கள் தெருக் கூரைகளின் மழை ஊருணிக்குப் போனால் எவ்வளவு என்று போடச் சொல்லி, 'எதையெல்லாம் நீயாக அனுமானித்துக்கொண்டாய்?' என்று கேட்டால் போதும்.

இந்த வழியும் மந்திரம் இல்லை. லண்டனில் ஆடி, ஷேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980களில் அறிவியல் வகுப்புக்குள்ளேயே, இரண்டு ஆண்டில் சுமார் முப்பது பாடங்களாக இதைச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் பதினாறு வயதுத் தேர்வில் அறிவியலோடு கணக்கிலும் ஆங்கிலத்திலும் கூடுதலாக எடுத்தார்கள். அதன் புதிய வடிவத்தைச் சோதித்து 2016இல் வந்த அறிக்கையில் முன்னேற்றம் தெரியவில்லை. செய்கிறவர் கையில்தான் நிறைய இருக்கிறது. செலவும் உண்டு, பணமாக அல்ல, நேரமாக. கல்லுக்கு ஒரு பீரியட் போனால் போர்ஷன் ஒரு பீரியட் பின்தங்கும். ஹெச்.எம். அதைப் பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லாத பள்ளியில் இதைத் தொடங்க வேண்டாம். பத்தாம் வகுப்பிலும் வேண்டாம், பிள்ளைகளே 'இது பரிட்சைக்கு வருமா?' என்று கேட்டு நம்மை உட்கார வைத்துவிடுவார்கள். ஏழும் எட்டும்தான் தோதான வகுப்புகள்.

தனி வகுப்புக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட பள்ளிகள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அந்த பீரியடில் புதிர்ப் புத்தகத்தைப் பாதி நேரத்துக்கு மூடி வைத்துவிட்டு, முந்தின நாள் அறிவியலிலோ வரலாற்றிலோ எழுதிய நோட்டைத் திறக்கச் சொல்லலாம். என்.எம்.எம்.எஸ். பயிற்சியில் எண்வரிசை முடிந்த கையோடு ஊசல் அட்டவணையைப் பலகையில் போட்டு, 'இதுல என்ன வரிசை ஒளிஞ்சிருக்கு?' என்று கேட்க ஐந்து நிமிடம் ஆகும்.